இரவல் பேர்

நெல்லிக்கொல்லையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வாசலில் போய் நின்று, "இன்னார் வூடு இதானா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டுப் பாருங்கள், உள்ளே பேச்சு நின்றுவிடும். அடுப்பில் கொதிக்கிற சாமைச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிமலையிலிருந்து வருகிற கேஸ் வண்டிக்காரர், ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வருகிற டீச்சர் எல்லோரும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான். வாசலுக்கு நாலடி தள்ளி நின்று இருமுவார்கள். உள்ளேயிருந்து ஆள் வெளியே வந்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

ஏனென்றால் அப்படிப் பேர் சொல்லிக் கேட்கிறவன் ஒருத்தன்தான். அவனைக் கேட்கிறவன் என்றே சொல்வார்கள். பேய் என்றால் கோபித்துக்கொள்வார்கள், சாமி என்றாலும் முகம் சுளிப்பார்கள். அவன் வருவது பட்டப்பகலில், நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடக்கிற நேரத்தில். பேர் சொல்லிக் கேட்பான். "ஆமா, நான்தான்" என்று யார் வாயைத் திறந்தாலும் முடிந்தது, மூன்றாம் நாள் பாடைக்கு மூங்கில் வெட்ட வேண்டியதுதான். பதில் வரவில்லையென்றால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். அவசரமே இல்லாதவன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கலையரசியும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சிரித்தவள்தான். அக்கா நிர்மலாவுக்கு ரத்தப் புற்றுநோய் இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நிர்மலாவுக்கு முப்பத்தெட்டு வயது. குழந்தை இல்லையென்று புருஷன் பத்து வருஷத்துக்கு முன்பே கழற்றிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். கலையரசியின் புருஷன் கொளஞ்சியப்பன் வருஷத்தில் பாதி நாள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவான். ஆக வீட்டில் அக்கா, தங்கை, தங்கையின் ஆறு வயது மகள் சுபஸ்ரீ, மூன்றே பேர். முதல் தடவை வியாதி வந்தபோது நிர்மலா ஐந்து மாதம் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, தலைமுடியெல்லாம் கொட்டி, எப்படியோ பிழைத்து வந்தாள். பத்து மாதம் நன்றாக இருந்தாள். பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், தொடையில் காரணமில்லாத நீலம். சோதித்துப் பார்த்ததில் திரும்ப வந்திருந்தது.

அந்தச் செய்தியோடு பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி வந்தவளை எல்லைக்கல்லிலேயே நிறுத்திவிட்டார்கள். அத்தை முறையுள்ள தைலம்மாள் மஞ்சள் தண்ணிச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வராத. பேர மாத்திக்கினு வா," என்றாள்.

அதுதான் அந்த ஊர் வழி. பெரிய வியாதிக்காரர் பேரை, ஒரே வயிற்றில் பிறந்த இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லைக்கல்லில் நின்று மஞ்சள் தண்ணி குடித்து, தங்கள் பேரை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கேட்கிறவன் நிர்மலாவைத் தேடிக்கொண்டு வருவான்; வந்தால் நிர்மலா என்கிறவள் திடமாக நின்று மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பாள். நோயாளியைத் தேடி வந்தவன் குழம்பிப் போய்விடுவான். வியாதி தீர்ந்த பிறகு அதே கல்லில் நின்று அவரவர் பேரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நடுவில் சொந்தப் பேரை வாயால் சொல்லக் கூடாது, பேர் மாறின கதையை வெளியாளிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் மாற்று உடைந்துவிடும். உடைந்தால் அவனுக்குக் குழப்பம் தீர்ந்துவிடும், நேரே வருவான்.

"ஆஸ்பத்திரில பேரு கேப்பாங்களே அத்த?" என்றாள் நிர்மலா.

"கார்டு இருக்குது இல்ல? கார்டு பேசட்டும், நீ பேசாத. கூப்ட்டா எழுந்து போ, அவ்ளோதான்."

கூட வந்த கலையரசி யோசிக்கவே இல்லை, கையை நீட்டித் தண்ணியை வாங்கிக் குடித்தாள். அக்காவுக்காகச் சிறுநீரகத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள், பேரென்ன பிரமாதம் என்றுதான் நினைத்தாள்.

பேர் பிரமாதம்தான் என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. நெல்லிக்கொல்லை ஜனங்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்து, "நிர்மலா, ஒடம்பு எப்டி இருக்குது? கஞ்சி எறங்குதா?" என்று கேட்டார்கள். அவள் குடத்தைத் தூக்கினால் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். அவள் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். தள்ளாடி நடந்துவரும் நிர்மலாவைப் பார்த்தோ, "கலை, கள வெட்டக் கொல்லைக்குப் போலியா இன்னிக்கு?" என்று அதட்டினார்கள். முதல் இரண்டு நாள் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சுபஸ்ரீக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட வேண்டும், அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். பிள்ளைக்கு அது விளையாட்டு. ஒரே வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. இரண்டாம் வாரம் அது விளையாட்டாகவும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, "அம்மா!" என்று நிர்மலாவின் மடியில் போய் விழுந்தது. கலையரசி ஊட்டப் போனால், "நீ வேணாம் பெரியம்மா, அம்மா ஊட்டட்டும்," என்றது. கலையரசி தட்டைக் கீழே வைத்தாள். அக்கா முகத்தைப் பார்த்தாள். அக்கா பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள், கண்ணை நிமிர்த்தவே இல்லை.

மூன்றாம் வாரம் கலையரசியின் முழங்கைக்குக் கீழே ஒரு நீலம் தெரிந்தது. எங்கே இடித்துக்கொண்டாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டாள்.

இதற்கு நடுவில்தான் ஜீப் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தேவிப்ரியா என்று ஒரு டாக்டர், புதிதாக ஒரு வைத்தியம் நடத்திப் பார்க்கும் ஆராய்ச்சியில் நிர்மலாவைச் சேர்த்திருந்தார். கூடப்பிறந்தவர்களின் ரத்தத்திலிருந்து ஒருவகை அணுவைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றுவது அந்த வைத்தியம். யாருடையது பொருந்தும் என்று முதலில் பார்க்க வேண்டும். நிர்மலாவிடம் எடுத்த ரத்தம் வழியிலேயே கெட்டுப் போயிருந்தது. தம்பி வெற்றிவேல் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறவன், ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தான். மூன்று பேரும் ஒரே இடத்தில் கிடைக்கிறார்களே என்று லேப் டெக்னீஷியன் தீனதயாளன் ஐஸ் பெட்டியோடு மலையேறி வந்துவிட்டான்.

நல்ல பையன், வேலையில் சுத்தம். ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கையில் ரப்பரைக் கட்டினான். ஊசியைக் குத்துவதற்கு முன்னால் ஒழுங்காகக் கேட்டான், "உங்க பேரு சொல்லுங்கக்கா."

நிர்மலா சொன்னாள், "கலையரசி."

அடுத்தவளைக் கேட்டான். கலையரசி சொன்னாள், "நிர்மலா."

சுற்றிலும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தைலம்மாள் தலையை ஆட்டினாள். நிர்மலாவுக்கு அப்போது முடி காதளவுக்கு வளர்ந்திருந்தது, முக்காடும் போட்டிருந்தாள். கலையரசியோ மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். இரண்டு பேரில் யார் நோயாளி என்று அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? டியூப்பில் பேரை எழுதி ஒட்டினான். எல்லாம் ஒரே ரத்தம்தானே, எந்த டியூப்பில் இருந்தால் என்ன என்றுதான் கலையரசி நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவள் கண்டது அவ்வளவுதான்.

ஜீப் போன நாலாம் நாள். வீட்டில் யாரும் இல்லை. நிர்மலா மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கலையரசி உள்ளே உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் காய்ந்தது, காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை, கோழிகள்கூட எங்கேயோ போயிருந்தன.

"நிர்மலா வூடு இதானா?"

ஆண் குரல். சாதாரணமான குரல், கொஞ்சம் களைத்துப் போன குரல். வழி கேட்கிறவன் கேட்கிற மாதிரியே இருந்தது. அதனால்தான் கலையரசிக்கு "ஆமாங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது. திறந்திருந்த கதவு வழியாக வாசல் முழுக்கத் தெரிந்தது. அங்கே ஒருத்தரும் இல்லை.

"நிர்மலா வூடு இதானா?"

இரண்டாம் தடவை கேட்டபோது குரல் கதவுக்கு உள்ளே வந்திருந்தது. கலையரசி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பாவாடை நனைந்துவிட்டது, அது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டாள்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா பயப்படுவாள் என்பது ஒன்று. அக்கா பயப்படாமல், அப்பாடா என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை டாக்டர் தேவிப்ரியா கள்ளக்குறிச்சிக்கு வந்து ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பார்ப்பார். அந்தச் சனிக்கிழமை அக்காவும் தங்கையும் முதல் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்கள். நர்ஸ் கார்டைப் பார்த்து, "நிர்மலா," என்று கூப்பிட்டாள். நிர்மலா வாய் திறக்காமல் எழுந்து போய் ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்தாள். கலையரசி மட்டும் டாக்டர் அறைக்குள் போனாள்.

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பொருந்தியிருக்கு கலையரசி. தம்பியோடதும் பொருந்துது, ஆனா உங்களோடது இன்னும் ஜாஸ்தி பொருத்தம். வர்ற வியாழக்கிழமை உங்ககிட்டயிருந்து எடுத்துடலாம்."

"எதங்க எடுப்பீங்க?"

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வட்டம் வட்டமாக வரைந்தார். "நம்ம ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. இயற்கைக் கொல்லி அணுன்னு பேரு. மத்த சிப்பாய் அணுவெல்லாம் எதிரி இவன்தான்னு படிச்சு வெச்சுக்கிட்டுதான் சண்டைக்குப் போகும். இதுக்கு அந்தப் படிப்பே வேணாம். உடம்பு பூராவும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு அணு வாசல்லயும் நிக்கும். நீ இந்த வீட்டு ஆளான்னு கேக்கும்."

கலையரசி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். "கேக்குமாங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்மா. தொட்டுப் பாக்கும். ஒவ்வொரு அணுவும் தன்மேல ஒரு அடையாளத்த நீட்டி வெச்சிருக்கும். அதைப் பாத்தா, சரி நம்ம ஆளுன்னு அடுத்த வாசலுக்குப் போயிடும். அடையாளம் காட்டலைன்னா நின்ன எடத்துலயே ஓட்டை போட்டுக் கொன்னுடும்."

"அப்ப அக்காவோட அணுவே அந்த வியாதியக் கொல்லலாமே?"

"அங்கதான் சிக்கல். சில புற்று அணு அடையாளத்த மறைச்சுக்கும், அது மாட்டிக்கும். அக்காவோட வியாதி மறைக்கல, அடையாளத்த நீட்டிக்கிட்டே வளருது. இதுவும் ஏமாந்து விட்டுடுது. அதனாலதான் வெளியிலேர்ந்து ஆள் கொண்டாறோம். உங்க அணு பொறந்ததுலேர்ந்து உங்க உடம்புல இருக்கற ஒரு அடையாளத்தப் பாத்துப் பழகினது. அது அக்கா உடம்புல கிடையாது. உங்க அணு அங்க போய்க் கேக்கும், பதில் வராது. அடிச்சிடும்."

"நல்ல அணுவையும் அடிச்சிடாதுங்களா?"

"பெரும்பாலும் அடிக்காது. புற்று அணு மேல சந்தேகம் வர்ற மாதிரி வேற குறியும் இருக்கும். அடையாளமும் இல்ல, சந்தேகமும் இருக்குன்னாத்தான் அடிக்கும்." டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, நிர்மலாவுக்கு இந்தக் கட்டம் காலி. கலையரசிக்கு இருக்கு."

கலையரசி அந்தத் தாளையே பார்த்தாள். நிர்மலா என்று அச்சடித்த பேருக்கு நேரே இருந்தது அவளுடைய ரத்தம். காலியாக இருந்தது அவளுடைய கட்டம்.

"இது..." என்றாள். "ஒருவேள இது தலைகீழா இருந்தா, டாக்டரம்மா? அந்த அடையாளம் அக்காகிட்ட இருந்து, எங்கிட்ட இல்லாமப் போயிருந்தா?"

"அப்ப உங்க அணுவால ஒண்ணுமே ஆகாது. சும்மா சுத்தி வந்துட்டு ரெண்டு மூணு வாரத்துல செத்துடும். வியாதி பாட்டுக்கு வளந்துடும். இன்னொரு தடவை பண்ணிப் பாக்க நமக்கு நேரமும் இருக்காது." டாக்டர் அவள் கையைத் தட்டினார். "அதெல்லாம் இல்ல. பயப்படாதீங்க."

பஸ் ஸ்டாண்டில் கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டீக்கடை பெஞ்சில் அக்காவை உட்கார வைத்து, கலையரசி எல்லாவற்றையும் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். நிர்மலா கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே வார்த்தைதான், "சொல்லாத."

"அக்கா, உனக்குப் புரியுதா இல்லியா? டியூப்பு மாறிப் போச்சு. என் ரத்தம் உனக்கு ஆவாது. வெற்றியோடது ஆவுதான்னு மறுபடி பாக்கச் சொல்லணும். சொல்லலன்னா நீ..."

"சொன்னாலும் அதேதான். மாத்து ஒடைஞ்சிடும். கெழக்கால வூட்டுப் பாட்டி கத தெரியும் இல்ல? அவளும் பேர மாத்திக்கினவதான். பென்ஷனு ஆபீசருகிட்ட உண்மையச் சொன்னா. எத்தன நாளு இருந்தா? மூணு நாளு." நிர்மலா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. "உன் ரத்தத்தையே ஏத்தட்டும். என் பேரும் உங்கிட்டயே இருக்கட்டும். நான் இப்டியே இருந்துடறேன்டி கலை. கெஞ்சிக் கேக்கறேன்."

இப்படியே என்றால் எப்படி? கலையரசி என்ற பேரோடா? சுபஸ்ரீக்கு அம்மாவாகவா? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவ்வளவு பெரிய வியாதிக்காரியைக் குத்திக் காட்டியது போலாகும். ஆனால் அந்த எண்ணம் வந்துவிட்டது, வந்தது போகவில்லை. அதோடு இன்னொரு எண்ணமும் கூடவே வந்தது, அதுதான் அவளை வெட்கப்பட வைத்தது. உண்மையைச் சொன்னால் அக்கா பிழைக்கலாம். உண்மையைச் சொன்னால் கேட்கிறவன் தன் வாசலுக்கு வரமாட்டான். இந்த இரண்டில் எதற்காகத் தனக்கு வாய் இப்படித் துடிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாமல் எப்படிச் சொல்வது?

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கை நீலம் பச்சையாகி, அதன் பக்கத்தில் இன்னொன்று புதிதாக வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சுபஸ்ரீக்குக் காய்ச்சல். அனலாகக் கொதித்தது உடம்பு. கலையரசி ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். பிள்ளை பிதற்றியது. கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தது. பார்த்துவிட்டு, "இது யாரு? அம்மாவக் கூப்டு. இந்தப் பெரியம்மா செத்துப் போவப் போவுது, என்னத் தொட வேணாம்னு சொல்லு," என்று வீறிட்டு அழுதது.

நிர்மலா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அமைதியாகிவிட்டது.

கலையரசி செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தாள். ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு, அங்கேதான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அப்போது உச்சி வேளை. அந்த நேரத்தில் தனியாக யாரும் வெளியே போவதில்லை. போனாள். பாறையில் ஏறி நின்று டாக்டர் நம்பரைப் போட்டாள். கீழே நெல்லிக்கொல்லை முழுவதும் தெரிந்தது, ஒரு மனுஷரும் வெளியில் இல்லை. வீடுகளுக்கு நடுவே மட்டும் புழுதி ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. காற்றே இல்லாத நேரத்தில்.

"யாரு பேசறது?" என்றார் டாக்டர்.

"கலையரசி," என்றாள். "நான் கலையரசி பேசறங்க. என் பேரு கலையரசி."

புழுதி நின்றது. அவள் வீட்டு வாசலில்.

அவள் எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினாள். கத்தினாள் என்றே சொல்லலாம். பேசி முடித்துக் கீழே ஓடி வந்தபோது நிர்மலா துணிப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சொல்லிட்ட இல்ல?" என்றாள். "இப்பத்தான் வந்து கேட்டுட்டுப் போனான். ஒரு தடவதான் கேட்டான். நான் வாயத் தொறக்கல."

கலையரசி கையைப் பிடிக்கப் போனாள். நிர்மலா உதறினாள். எல்லைக்கல்லைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அன்றைக்குப் போனவள்தான், அப்புறம் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை.

நிர்மலா போனது ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கலையரசி சொன்னதே சரியாக இருந்தது. அவளுடைய அணு நிர்மலாவுக்கு ஒரு துரும்புக்கும் உதவியிருக்காது. வெற்றிவேலுடையதுதான் பொருந்தியது. வெற்றிவேலைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, இரண்டு கையிலும் ஊசி குத்தி, மிஷின் வழியாக நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பை. பார்த்தால் இளநீர் மாதிரிக் கலங்கலாக இருந்தது. அது சொட்டுச் சொட்டாக நிர்மலாவுக்குள் இறங்கியது. அன்று சாயந்திரம் குளிர் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நிர்மலா கண்ணைத் திறக்காமல், "இல்ல, இங்க இல்ல, அடுத்த வூட்ல கேளு," என்று முனகிக்கொண்டே இருந்தாளாம். கூட இருந்த வெற்றிவேல்தான் சொன்னான்.

மூன்றாம் நாள் அவள் சாகவில்லை. இருபத்தெட்டாம் நாள் எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். வியாதி அணு கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. டாக்டர் போனில் அழுதுவிட்டார். அதே சூட்டோடு வெற்றிவேலின் மஜ்ஜையையும் ஏற்றினார்கள். ஏழு மாதம் ஓடிப் போனது.

நிர்மலா மலைக்குக் கீழே சங்கராபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். கலையரசி வாராவாரம் சாமை அரிசியும் கீரையும் எடுத்துக்கொண்டு போவாள். அக்கா கதவைத் திறப்பாள், வாங்கி வைத்துக்கொள்வாள். ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சுபஸ்ரீ இப்போது கலையரசியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறது.

போன வாரம் போனபோது நிர்மலா கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "நெஜத்தச் சொல்லு. எனக்காகச் சொன்னியா, உனக்காகச் சொன்னியா?"

ஏழு மாதமாகக் கலையரசி இந்தக் கேள்விக்கு நூறு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அதில் இல்லாத ஒன்றுதான் வாயில் வந்தது.

"எனக்காகத்தான்க்கா," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாப்பா என்னிய யாருன்னு கேட்டுச்சு. அத என்னால தாங்க முடியல. அப்ப உன்னப் பத்தி நெனக்கவே இல்ல. மன்னிச்சுக்கோ."

நிர்மலா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "அக்காவுக்காகன்னு மட்டும் நீ யோசிச்சிருந்தா, பயந்துக்கினு சும்மா இருந்திருப்ப. நான் மண்ணுக்குப் போயிருப்பேன்." பிறகு மெல்லச் சொன்னாள், "நானும் அன்னிக்கி சாவுக்குப் பயந்து சொல்லாதன்னு சொல்லல கலை. அந்தப் புள்ள அம்மான்னு கூப்டுது பாரு, அதுக்காக நீ செத்தாலும் பரவால்லன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஒரே நிமிஷந்தான். ஆனா நெனச்சேன்டி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு மேல் மறைக்க இரண்டு பேரிடமும் எதுவும் இல்லை. நிர்மலா எழுந்து வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். முடி நன்றாக வளர்ந்திருந்தது, உடம்பில் சதை பிடித்திருந்தது, மூச்சு சீராக வந்தது. பிழைத்துவிட்டாள். இனிமேல் அவளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கலையரசிக்குத் தோன்றியது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

வெளியே பஸ் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும்.

"நிர்மலா வூடு இதானா?"

அதே குரல். களைத்துப் போன, அவசரமில்லாத குரல். இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறான். நிர்மலாவின் உடம்பு விறைத்துப் போனது. பத்து விரலும் தங்கையின் முதுகில் அழுந்தின. பயத்தில் உதடு தானாகத் திறந்தது. இன்னும் ஒரு நொடி போனால் பதில் சொல்லிவிடுவாள் என்று கலையரசிக்குத் தெரிந்துவிட்டது.

கலையரசி அக்காவின் வாயைக் கையால் பொத்தினாள். அவளைச் சுவரோரமாக உட்கார வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் கேட்காமல், எந்தக் கல்லும் தண்ணியும் இல்லாமல், வாசலுக்குப் போனாள்.

தெரு நீளத்துக்கும் வெயில் மட்டும்தான் நின்றிருந்தது.

"ஆமா, நான்தான் நிர்மலா," என்றாள். "இன்னா வேணும்?"